மண்டை உடைந்தால் ஆட்டம் முடிந்தது: குச்சியில் ஆடிய வாள்வீச்சு

"வாளுக்குப் பதிலாக மரக்குச்சியை வைத்து வாள்வீச்சு ஆடும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்ததாமே, ஒலிம்பிக்கில்கூட ஒருமுறை சேர்த்தார்களாமே? அது வெறும் பயிற்சிக் கருவியா, தனி விளையாட்டா? நம் சிலம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? இப்போது பழக முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த விளையாட்டின் பெயர் சிங்கிள்ஸ்டிக். இங்கிலாந்துக்காரர்களுடையது. வாள் பழகும் சிப்பாய்க்கான கருவியாகத் தொடங்கி, கிராமத் திருவிழாக்களில் தனி விளையாட்டாக வளர்ந்து, மறுபடி படைகளின் பயிற்சிக்கூடத்துக்குப் போய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய மறைந்துபோனது. சிலம்பத்தோடு உறவு கிடையாது. பழகலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் சில வருடம் சிலம்பம் ஆடி, அப்புறம் ஃபென்சிங் எனும் ஐரோப்பிய வாள்வீச்சில் சேபர் என்ற வெட்டுவாள் பக்கம் போய், அங்கிருந்து இந்தக் குச்சிக்கு வந்தவன். மூன்றும் கையில் பட்ட பிறகு எனக்குப் புரிந்த ஒரு விஷயம் இந்தப் பதில் முழுக்க வரும். குச்சி என்ன மரம், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இரண்டாவதுதான். எந்த அடிக்கு மதிப்பெண், எந்த அடிக்கு இல்லை என்ற விதிதான் ஆடுகிறவரின் கையையும் காலையும் வடிவமைக்கிறது.

முதலில், ஏன் குச்சி? முனை மழுங்கிய இரும்பு வாளாக இருந்தாலும் முழு வேகத்தில் வீசினால் எலும்பு முறியும். முறியக்கூடாது என்று கையை அடக்கி அடக்கிப் பழகினால், அடக்குவதுதான் பழக்கமாகும். குச்சி இருந்தால் நிஜமாகவே அடிக்கலாம், நிஜமாகவே தடுக்கலாம். விலையும் மலிவு. ரோமானியர்களும் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு மரவாள்தான் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் எண்ணம் வேறு. நிஜ வாளைப் போல இரு மடங்கு எடையில் மரவாள் செய்து, ஆறடி உயரக் கம்பத்தை நட்டு, அதை எதிரியாக நினைத்து வெட்டச் சொன்னார்கள். கனமானதில் பழகியவனுக்கு நிஜ வாள் இறகாக இருக்கும் என்பது கணக்கு. இங்கிலாந்துக்காரர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள்.

16ஆம் நூற்றாண்டில் அங்கே 'வேஸ்டர்' என்ற மரவாள் புழக்கத்தில் இருந்தது. வெட்டவும் குத்தவும் அதிலேயே பழகினார்கள். அடுத்த நூற்றாண்டில் அது தேய்ந்து தேய்ந்து, கைப்பிடியில் காப்பு வைத்த உருண்டைத் தடியாகிவிட்டது. பிரம்பில் கூடை முடைந்து, அந்தக் கூடைக்குள் கை இருக்கும். குச்சி பெரும்பாலும் ஆஷ் மரம். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்யும் அதே மரம்தான். நார் நேராக ஓடும், அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும். நீளம் சுமார் 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர். கனம் ஏறக்குறைய ஓர் அங்குலம். இது எதற்கு மாற்று என்றால், 'பேக்சோர்ட்' என்ற வாளுக்கு: ஒரு பக்கம் மட்டும் கூர், மறுபக்கம் மழுங்கல், கையைச் சுற்றி இரும்புக் கூடை.

லண்டனில் இதைப் பிழைப்பாகவே வைத்துக்கொண்ட ஆட்கள் இருந்தார்கள். குத்துச்சண்டை வரலாற்றில் இங்கிலாந்தின் முதல் சாம்பியன் என்று சொல்லப்படும் ஜேம்ஸ் ஃபிக் உண்மையில் பெரிய வாள்காரர், தடிக்காரர். 1734-ல் இறந்தவர். அவருடைய அரங்கில் ஒரே எதிரியோடு முதலில் வாள், அப்புறம் வெறும் கை, அப்புறம் தடி என்று மூன்று சுற்று மோதுவதைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். முதலாம், இரண்டாம் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் நாட்டுப்புறத்தில் இந்தத் தடியாட்டத்துக்குப் போட்டியாக இருந்தது மல்யுத்தம் ஒன்றுதான்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் இங்கிலாந்தின் மேற்குப் பக்கம், சாமர்செட், வில்ட்‌ஷயர், பெர்க்‌ஷயர் போன்ற இடங்களில், இந்த ஆட்டம் ஒரு விசித்திரமான வடிவத்தில் வந்து நின்றது. வெற்றிக்கு ஒரே வழி எதிராளியின் மண்டையை உடைப்பது. பயந்துவிட வேண்டாம். நம் ஊரில் கல் பட்டு லேசாக ரத்தம் வந்தாலே "மண்டை உடைஞ்சிருச்சு" என்கிறோம் இல்லையா, அதே அர்த்தம்தான் அங்கேயும். புருவத்துக்கு மேலே எங்கேயாவது தோல் கிழிந்து, ரத்தம் ஓர் அங்குலம் ஓடினால் ஆட்டம் முடிந்தது. தோள், விலா, முழங்கை என்று இடுப்புக்கு மேலே எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் அந்த அடிகளுக்கு மதிப்பே கிடையாது. வலி தாங்காமல் எதிராளி கையைக் கொஞ்சம் இறக்குவார், அந்த நொடியில் தலையைப் பிடிக்கலாம், அதற்காக மட்டும்தான் உடம்பில் அடிப்பார்கள்.

இந்த ஒரு விதி மனித உடம்பை என்ன செய்தது என்று பாருங்கள். விலாவில் பட்டால் தோல்வி இல்லை என்றான பிறகு விலகி ஓட வேண்டிய அவசியம் இல்லை. இருவரும் மேடையில் நெருங்கி நின்றுகொண்டார்கள். கால் அசையக்கூடாது என்பதே வழக்கமாகிவிட்டது. காக்க வேண்டியது தலை ஒன்றுதான் என்பதால் வலது கை எப்போதும் தலைக்கு மேலே. குச்சி அங்கிருந்து முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கும், ஓட்டுக்கூரை சரிவது போல. மேலிருந்து வரும் அடி அந்தச் சரிவில் பட்டு வழிந்து போய்விடும். தாக்குவதும் அங்கிருந்தே. தோளை எடுத்து ஓங்க இடமில்லை, நேரமும் இல்லை. மணிக்கட்டை மட்டும் சாட்டை போலச் சொடுக்குவார்கள். இடது கை முன்பெல்லாம் அடியைத் தட்டிவிடப் பயன்பட்டது. பிற்பாடு அதையும் கட்டுப்படுத்தினார்கள்: இடது தொடையில் ஒரு துணியைத் தளர்வாகக் கட்டி, அதை இடது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியை இழுத்துப் பிடித்து முழங்கையை மேலே தூக்கினால், அது இடது பக்க முகத்துக்குக் கேடயம். அந்த முழங்கையும் மேல்கையும் ஆட்டம் முடிவதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

இதைப் படித்தபோது ஒரு தடவை செய்துபார்க்காமல் இருக்க முடியவில்லை. நானும் என்னோடு பழகும் நண்பரும் முகமூடி, கழுத்துக் காப்பு எல்லாம் போட்டுக்கொண்டு, பாதங்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு நின்றோம். இடுப்பு பெல்ட்டில் ஒரு துண்டைக் கட்டி இடது கையில் பிடித்துக்கொண்டோம். ஐந்து நிமிடத்தில் வலது தோள் இறங்கத் தொடங்கியது. கையைத் தலைக்கு மேலேயே வைத்திருப்பது அவ்வளவு கஷ்டம். எதிரில் நிற்பவரின் குச்சி நுனி கண்ணில் படுவதே இல்லை. அவர் மணிக்கட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது திரும்புவதைப் பார்த்துவிட்டு நம் கையை நகர்த்தினால் தாமதம், திரும்பப் போகிறது என்று முன்பே உணர வேண்டும். சேபரில் வருடக்கணக்காக ஓடி ஓடிப் பழகிய எனக்கு, ஓட முடியாத அந்தப் பத்து நிமிடம் தடுப்பைப் பற்றிப் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தது. காலால் தப்பிக்கும் வழி அடைபட்டால்தான் கை எவ்வளவு சோம்பேறியாக இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

சரி, அது வாளைக் கற்றுக்கொடுத்ததா? இல்லை என்றுதான் சொல்வேன். உருண்டைக் குச்சிக்குக் கூர் கிடையாது, எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாள் அப்படியில்லை. வீசும் பாதையும் கூரின் திசையும் ஒரே கோட்டில் இருந்தால்தான் வெட்டும். கொஞ்சம் திரும்பினாலும் பட்டையாகப் படும். குச்சியில் மட்டும் பழகிய கைக்கு இந்தக் கவலையே வராது. எடையும் பொய் சொல்லும். 34 அங்குல ஆஷ் குச்சி, காப்பு இல்லாமல், ஏறக்குறைய 300 கிராம் இருக்கும். கூடைப்பிடி வாள் ஒரு கிலோவைத் தாண்டும். குச்சியை இடது பக்கம் காட்டிவிட்டு நடுவழியில் வலது பக்கம் சொடுக்கிவிடலாம். ஒரு கிலோ இரும்பு கிளம்பிவிட்டால் அப்படித் திரும்பாது. ஆனால் தூரம், நேரம், எதிராளியின் எண்ணத்தைப் படிப்பது, அடி வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது, இவற்றைக் குச்சி தருவது போல எதுவும் தராது. ஏனென்றால் அந்த அடி நிஜம்.

குச்சியோடு குச்சி மோதும்போது நடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூரான இரண்டு வாள்கள் மோதினால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்கும். மரத்துக்கு அந்தக் கடி கிடையாது. ஒன்று எகிறும், இல்லாவிட்டால் நம் குச்சியின் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்து விரல் முட்டியில் இறங்கும். பழகத் தொடங்கிய மூன்றாவது வாரம், காப்பு இல்லாத வெறும் பிரம்பில் ஆடி, மோதிர விரல் முட்டியில் வாங்கினேன். எலும்பு முறியவில்லை, ஆனால் பத்து நாள் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். கைப்பிடியில் கூடை எதற்கு என்று அதன் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் காற்று மாறியது. வளைந்த சேபர் வாள் படைகளில் பரவியிருந்தது. 1796-லேயே பிரிட்டிஷ் குதிரைப்படைக்கென்று முறையான வாள்பயிற்சி வகுத்திருந்தார்கள். மண்டை உடைக்கும் மேடைகள் மெல்ல மெல்ல அடங்க, குச்சி பயிற்சிக்கூடங்களுக்குள் வந்தது. கம்பிவலை முகமூடி, கெட்டியான தோல் சட்டை போட்டுக்கொண்டு, உடம்பில் எங்கே பட்டாலும் கணக்கு என்று விதியை மாற்றினார்கள். விதி மாறியதும் கால் மறுபடி உயிர் பெற்றது. தூரம் கூடியது, முன்னே பாய்வதும் பின்வாங்குவதும் வந்தன. குச்சி அதே குச்சிதான். ஆனால் இரண்டு காலத்து ஆட்டக்காரர்களையும் எதிரெதிரே நிறுத்தினால் ஒருவர் மற்றவரின் ஆட்டத்தை அடையாளம் கண்டிருப்பாரா என்பதே சந்தேகம். கடற்படையில் கட்லஸ் என்ற குட்டை வாளுக்கு மாற்றாக இதைக் கொடுத்து மாலுமிகளைப் பழக்கினார்கள்.

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் இருந்த நாட்களில் ஜெனரல் லெனார்ட் வுட்டோடு இதை ஆடுவார். லேசாக அடிக்க வேண்டும் என்றுதான் நினைப்போம், சிலசமயம் பலமாகப் பட்டுவிடுகிறது என்ற பொருளில் மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கண்ணுக்கு மேலே ஒரு வீக்கம், மணிக்கட்டில் ஒரு வீக்கம் என்று அன்றைய கணக்கையும் அதில் சொல்லியிருக்கிறார். பழகியவர்களுக்கு இந்த இரண்டு இடமும் உடனே புரியும். எங்களுக்கும் அங்கேதான் படும்.

நீங்கள் கேட்ட ஒலிம்பிக், 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்தது. சிங்கிள்ஸ்டிக்கில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் மூன்றே பேர், மூவருக்கும் பதக்கம். ஆல்பர்ட்சன் வான் சோ போஸ்ட் தங்கம், வில்லியம் கிரேப் வெள்ளி, வில்லியம் ஸ்காட் ஓ'கானர் வெண்கலம். சில பழைய பட்டியல்களில் போஸ்டைக் கியூபா நாட்டவர் என்று பார்ப்பீர்கள். அவர் அமெரிக்கர். அதே ஒலிம்பிக்கில் ஃபாயில் என்ற குத்துவாள் அணிப்போட்டியில் கியூபாவின் ரமோன் ஃபோன்ஸ்ட், மனுவேல் டியாஸ் ஆகியோரோடு சேர்ந்து தங்கம் வென்றதால் வந்த குழப்பம் அது. அதற்குப் பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் குச்சி வரவில்லை.

மறைந்ததற்குக் காரணம் சுலபம். இத்தாலியர்கள் செய்த இலேசான சேபர் அந்தக் காலத்தில்தான் பரவியது. மெல்லிய இரும்பு, பட்டால் வளையும், எடை குறைவு. பயமில்லாமல் அடிக்கக்கூடிய இரும்பே கிடைத்த பிறகு குச்சிக்கு வேலை என்ன? 1936-ல் பிரிட்டிஷ் கடற்படை கட்லஸைக் கைவிட்டபோது கடைசிப் பிடிப்பும் தளர்ந்தது. 1980களில் அதே கடற்படையில் ஆட்டத்தை மறுபடி எழுப்பினார்கள். பழைய ஐரோப்பியப் போர்க்கலைகளை மீட்டெடுக்கும் குழுக்களும் இப்போது ஆடுகின்றன.

குச்சிக்குக் கூர் இல்லை என்று சொன்னேன் இல்லையா, அந்தக் குறையை ஜப்பானியர்கள் கையாண்ட விதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அவர்களிடம் 'பொக்கென்' என்ற ஓக் மரவாள் இருக்கிறது. நிஜ வாளின் வளைவோடு, முட்டை வடிவக் கைப்பிடியோடு இருப்பதால் கூர் எந்தப் பக்கம் என்று பிடித்த உடனே கைக்குத் தெரிந்துவிடும். 1612-ல் மியாமோட்டோ முசாஷி ஒரு தீவில் சசாகி கோஜிரோவை மரவாளாலேயே அடித்துக் கொன்றார் என்பது அங்கே எல்லோரும் அறிந்த கதை. அதாவது பொக்கென் ஆளைக் கொல்லும். அதை வைத்துத் தினமும் நிஜமாக மோதிப் பழக முடியாது. அதனால் 18ஆம் நூற்றாண்டில் முகக்காப்பு, கைக்காப்போடு மூங்கில் வாளை மேம்படுத்தினார்கள். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோலால் கட்டியது 'ஷினாய்'. இன்றைய கெண்டோ ஆட்டத்தில் அதுதான் கருவி. ஷினாயும் உருண்டைதான். ஆனால் அதன் ஒரு பக்கம் நுனியிலிருந்து பிடி வரை ஒரு கயிறு ஓடும். அந்தக் கயிறு வாளின் முதுகு என்று கணக்கு. கயிற்றுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் கூர். அந்தப் பக்கத்தால், நுனியை ஒட்டிய பகுதியால், சரியான திசையில் அடித்தால்தான் நடுவர் கொடி உயரும். பட்டையாகப் பட்டால் எவ்வளவு சத்தம் வந்தாலும் ஒன்றுமில்லை. ஒரு கயிறும் ஒரு விதியும் சேர்ந்து, இல்லாத கூரைக் கையின் நினைவில் வைத்திருக்கின்றன. எனக்கு இதில் இருக்கும் மரியாதை சொல்லி மாளாது.

பிரெஞ்சுக்காரர்களின் 'கான்' ஆட்டம் இன்னொரு கோடி. நடைக்கோலிலிருந்து வந்தது, 95 சென்டிமீட்டர் செஸ்ட்நட் மரக்குச்சி. கூரைப் பற்றிய நினைப்பே இல்லாமல், குச்சியைக் குச்சியாகவே ஆடுகிறார்கள்.

இந்தியாவில் சிங்கிள்ஸ்டிக்குக்கு நெருங்கிய ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பஞ்சாபுக்குத்தான் போக வேண்டும். சீக்கியர்களின் 'கட்கா' கலையில் அந்தப் பெயரே வாளுக்குப் பதிலாகப் பிடிக்கும் மரக்குச்சியின் பெயர்தான். ஒரு கையில் குச்சி, மறு கையில் 'ஃபரி' என்ற சிறிய வட்டக் கேடயம். ஹோலிக்கு மறுநாள் தொடங்கும் ஹோலா மொஹல்லா விழாவில் ஆனந்த்பூர் சாஹிபில் இதையும் நிஜ ஆயுதங்களையும் சேர்த்தே பார்க்கலாம்.

சிலம்பத்துக்கு வருவோம். நம் கம்பு வாளுக்கு மாற்று இல்லை, அது தானே ஓர் ஆயுதம். ஆள் உயரத்துக்கு ஏற்ப நெற்றி வரை நீளம், பெரும்பாலும் இரண்டு கையாட்டம், இரண்டு முனையும் வேலை செய்யும், கை கம்பின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். சிங்கிள்ஸ்டிக்கில் ஒரு கை, ஒரு முனை, பிடி மாறவே மாறாது. சிலம்பத்தில் காலடிதான் உயிர். காலடி வரிசை பிசகினால் ஆசான் கம்பையே கையில் தரமாட்டார். அங்கிருந்து போய்க் காலை நட்டுவைத்து ஆடும் பழைய ஆங்கில ஆட்டத்தைப் பார்த்தால் முதலில் ஏதோ பாதி ஆட்டம் போலத்தான் தெரியும். ஆனால் சிலம்பக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அடி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கும் கண் ஏற்கெனவே பழகியிருக்கும். மணிக்கட்டும் சுழன்று பழகியிருக்கும். வீச்சைச் சுருக்குவது மட்டும்தான் புதிதாகக் கற்க வேண்டியது. எனக்கு அதற்கே ஒரு வருடம் பிடித்தது.

பழக நினைத்தால், ஆஷ் மரத்தைத் தேடி அலைய வேண்டாம். நல்ல பிரம்பு போதும். மரக்குச்சி உடைந்தால் ஈட்டி போலக் கூராக உடையும். பிரம்பு நார் நாராகப் பிரியும், அதனால் ஆபத்து குறைவு. சிலம்பக் கம்பு விற்கும் இடத்திலேயே முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் வாங்கி 34 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கைக்காப்புக்கு, செருப்புத் தைப்பவரிடம் கெட்டித் தோல் கேட்டு, நனைத்துக் கிண்ணம் போல வளைத்து, இரண்டு ஓட்டை போட்டு அதற்குள் குச்சியைச் செருகினால் போதும். பழைய படைக் குச்சிகளிலும் இப்படித் தோல் கிண்ணம்தான் இருந்தது. முகமூடி ஃபென்சிங் முகமூடியாகவே இருக்கட்டும், கிரிக்கெட் ஹெல்மெட் வேண்டாம். கம்பி இடைவெளியில் குச்சி நுனி உள்ளே வரும். ஃபென்சிங் முகமூடி பின்மண்டையை மூடாது, அதற்குத் தனியாகக் கெட்டியாக ஒன்று தைத்துப் போடுங்கள். குத்து வேண்டவே வேண்டாம். சேபர் நுனி வளையும், குச்சி வளையாது, தொண்டையில் பட்டால் திரும்ப எடுக்க முடியாத தவறாகிவிடும். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் குச்சியை விரலால் நீள உருவிப் பாருங்கள். சிலாம்பு எழுந்திருந்தால் அந்தக் குச்சியை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் மாதம் சாக்பீஸ் கோட்டுக்குள் காலை வைத்து, தலைக்கு மட்டும் அடி, தலைக்கு மட்டும் தடுப்பு என்று ஆடுங்கள். ஒருவர் அடிக்க ஒருவர் தடுக்க, மெதுவாக. இரண்டாவது மாதம் அதே துணையோடு, அதே குச்சியோடு, கோட்டை அழித்துவிட்டு உடம்பு முழுக்கக் கணக்கு என்று ஆடிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்துக்குள் நீங்கள் இருவரும் தன்னாலேயே இரண்டடி பின்னுக்குப் போயிருப்பீர்கள், தலைக்கு மேலே இருந்த கை மார்புக்கு இறங்கியிருக்கும்.